எங்கள் கண் பரிசோதகர்

ஜனவரி 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரருக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது? நீயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த நூலகத்துக் கம்ப்யூட்டர் முன்னாலேயே பொழுதைக் கழிக்கிறாயா?

போனில் கேட்காமல் இப்படி மெயிலில் நீட்டி முழக்குகிறேனே என்று நினைக்காதே. நீ போனில் சொல்லும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. வைத்த பிறகு மண்டையில் ஒன்றும் தங்குவதில்லை. எழுதிக் கொடுத்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்வேன். தவிர, நீ விழித்திருக்கும் நேரத்தில் நான் கடையில் யார் கண்ணுக்குள்ளாவது டார்ச் அடித்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். நம் மூன்று கண்ணாடிக் கடைகளின் வெப்சைட்டையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்கிற மாதிரி அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? இதுவரை உன் அண்ணன்தான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தார். இப்போது நான் தொட்டேன். ஸ்டேஷன் கடைக்கு மட்டும் ஞாயிறு விடுமுறை என்று போட்டேன். மூன்று கடைக்கும் விழுந்துவிட்டது. கடைத்தெருக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் விற்பனைப் பெண்ணும் ஈ ஓட்டினோம். மதியம் ஒருவர் தலையை மட்டும் உள்ளே நீட்டி, "லீவுன்னு போட்டிருந்துச்சு, ஷட்டர் தொறந்திருக்கே, யாராச்சும் பூந்துட்டாங்களோன்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிச் சாலைக் கடையின் வெப்சைட்டில் ஒரு சின்ன விஷயத்தை எடுத்தேன். அதுவும் மூன்றிலும் போய்விட்டது. என்ன விஷயம் என்பது முக்கியமில்லை. ஒரு கடையிலிருந்து மட்டும் ஒன்றை எடுப்பது எப்படி? அதைத்தான் எனக்கு விளக்கமாக எழுத வேண்டும்.

உன் அண்ணனுக்கு வேலை அதிகம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். உன் மருமகள் வாண்டு பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்து வீட்டுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி


ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டுவின் வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இடுப்புவலி குறைந்துவிட்டது, அதைப் பற்றிப் பேசுவதுதான் குறையவில்லை. நீங்கள் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைப் படித்துவிட்டு வேலையிடத்தில் சத்தமாகச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. நாம் மூன்று வெப்சைட் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே அது ஒரே வீடு, மூன்று வாசல். சில அறைகள் அந்தந்தக் கடைக்குச் சொந்தம்: முகவரி, பிரேம் படங்கள், தள்ளுபடி. சில அறைகள் பொது. பொது அறையில் ஒரு நாற்காலியை நகர்த்தினால் எந்த வாசலில் நின்று பார்த்தாலும் நகர்ந்துதான் தெரியும். விடுமுறை அறிவிப்பில் மேலே 'எந்தத் தளத்துக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஸ்டேஷன் கடையை மட்டும் தேர்ந்தெடுங்கள். தீர்ந்தது.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது அண்ணி. நீங்கள் எடுத்த சின்ன விஷயம் என்னவோ தெரியவில்லை, அதோடு சேர்ந்து 'எங்கள் கண் பரிசோதகர்' பக்கமே போயிருந்தது. உங்கள் படம், படிப்பு, பதிவு எண், 'ஒவ்வொரு கண்ணையும் இவரே நேரில் பார்க்கிறார்' என்று நான் ரசித்து எழுதிய வரி, எல்லாம் காலி. நல்லவேளை, பழைய பிரதி இருந்தது. மூன்று கடைகளிலும் திருப்பிப் போட்டுவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம். அப்பா காலத்தில் கண்ணாடி விற்கும் கடையாக இருந்ததைக் கண் பார்க்கும் கடையாக மாற்றியது நீங்கள்தானே. அந்தப் பக்கம் இல்லாமல் அந்த வெப்சைட் என்னத்துக்கு?

இதையெல்லாம் ஏன் அண்ணன் செய்யவில்லை? சோம்பேறியாகிவிட்டானா?

வாண்டுவுக்கு என் முத்தம்.

உங்கள்
சிட்டு


பிப்ரவரி 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்கு நாலைந்து நாள் சளி. இப்போது தேவலை. அங்கே குளிர் எப்படி?

நீ திருப்பிப் போட்டதைப் பார்த்தேன். நல்ல மனசோடு செய்திருக்கிறாய்.

உன்னிடம் மூன்று கேள்வி. 'எங்கள் கண் பரிசோதகர்' பக்கம் ஆஸ்பத்திரிச் சாலைக் கடைக்கும் தேவையா? அது புதுக் கடை. அங்கே பிரேம்தான் அதிகம் போகிறது. கடைத்தெருவிலும் ஸ்டேஷனிலும் மட்டும் அந்தப் பக்கம் இருந்தால் போதாதா? இரண்டாவது, நான், உன் அண்ணன், ஆஸ்பத்திரிச் சாலைக் கடையில் வேலை பார்க்கும் விற்பனைத் தம்பி மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டில்தான் உள்ளே போகிறோம். தனித்தனியாகக் கொடுக்க முடியுமா? மூன்றாவது, ஒரு கடையை மற்ற இரண்டோடு ஒட்டாமல் தனியாகப் பிரித்து வைக்க வழி உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் அண்ணன் சோம்பேறி ஆகவில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்.

உடம்பைக் கவனி.

அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

சளி முழுதாக விட்டதா? ஆவி பிடித்தீர்களா? அடுத்தவர்களுக்குத்தான் வைத்தியம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் அடக்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா அண்ணி? ஆஸ்பத்திரிச் சாலைக் கடையின் வெப்சைட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் உங்கள் பக்கத்தைத்தான் முதலில் திறந்து பார்க்கிறார்கள். 'கண் பரிசோதனைக்கு முன்பதிவு' என்ற பட்டனை அங்கிருந்துதான் அமுக்குகிறார்கள். அதை எடுத்தால் அண்ணன் என்னைச் சும்மா விடுவானா? தவிர, அது பொதுப் பக்கம். ஒரு கடைக்கு மட்டும் மறைக்கிற வசதியை நான் அப்போது வைக்கவில்லை. வைத்தால் அதற்கென்று தனி வேலை. இந்த மாதம் நூலகத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை கிடக்கிறது.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். இதை எழுத உட்கார்ந்து உள்ளே போனால் உங்கள் பக்கம் மறுபடியும் காணோம். நான் போட்ட சுவடே இல்லை. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதால் யார் கைவரிசை என்றும் காட்டவில்லை. இது கைதவறி நடப்பது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அந்த விற்பனைத் தம்பிக்கு உங்கள்மேல் ஏதாவது கடுப்பா?

திருப்பிப் போட்டுவிட்டேன், இந்த முறை பூட்டோடு. இனி அந்தப் பக்கத்தை நான் ஒருத்திதான் தொட முடியும். உங்கள் பெயரை எவன் எடுக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

கோபத்தோடும் அன்போடும்,
சிட்டு


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீதான் எனக்கு ஒரு வரியும் எழுதுவதில்லையே. உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன். கட்டை விரல் படம் ஒன்று வந்தது. அதுதான் பதிலா?

நேராகவே கேட்கிறேன். வெப்சைட்டிலிருந்து அண்ணியின் பெயரை எடுப்பது நீதானா? நான் இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். அந்த விற்பனைத் தம்பியாக இருக்கும் என்று நினைத்தேன். அவனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது என்று அப்புறம் தோன்றியது. அண்ணியிடம் கேட்டால் பிடி கொடுக்காமல் எழுதுகிறார்கள். பூட்டுப் போட்டேன் என்று எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலே இல்லை. உங்களுக்குள் ஏதாவது சண்டை என்றால் சண்டை போடுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் அவர்கள் படித்து வாங்கிய பட்டத்தை நீ அழிக்காதே. அப்பா இருந்தால் இதைக் கேட்டிருப்பார். அவர் இல்லை, அதனால் நான் கேட்கிறேன்.

சிட்டு


மார்ச் 2

சிட்டுவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பெயரை எடுத்தது நான் இல்லை. நீ பூட்டியது நல்ல காரியம். அப்படியே இருக்கட்டும். யார் கேட்டாலும் திறந்து கொடுக்காதே. அண்ணியிடம் இதைப் பற்றி நோண்டிக்கொண்டிருக்காதே, அவளுக்குக் கடையில் கூட்டம் அதிகம்.

ஆஸ்பத்திரிச் சாலைக் கடைக்குப் போன வருஷம் ஒரு மெஷின் வாங்கினேன். கன்னத்தை வைத்தால் அதுவே பவர் சொல்லிவிடும். அதன் படத்தை அனுப்புகிறேன், முகப்பில் பெரிதாகப் போடு.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் வாண்டுவும் சுகம்தானே? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் எழுதியதில் ஏதாவது மனசு கஷ்டப்படும்படி இருந்ததா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

உங்களிடம் மறைக்கவில்லை, உங்கள் பெயரை நீதான் எடுத்தாயா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டேன். இல்லை என்கிறான். அவன் பொய் சொன்னால் வரியிலேயே தெரியும், இதில் தெரியவில்லை. பெயர் அப்படியே இருக்கட்டும் என்று அவனே சொல்கிறான். அப்படியென்றால் எடுத்தது யார்? நீங்கள் எடுத்திருக்க முடியாது. உங்கள் பெயரை நீங்களே எதற்கு எடுக்கப் போகிறீர்கள்?

போன ஞாயிறு வீட்டுக்குப் போன் செய்தேன். வாண்டு எடுத்தாள். அம்மா குளிக்கிறார்கள் என்றாள். அப்பா எங்கே என்றேன். "அப்பா மாடில இருக்காங்க அத்தை" என்றாள். சரி, கூப்பிடு என்றேன். "அங்க போறதுக்கு பஸ்ல போகணும்" என்றாள். நான் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "உங்க அண்ணன் வீட்டுக்கு ஏது மாடி?" என்றார்.

ஏது மாடி அண்ணி?

எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

சிட்டு


ஏப்ரல் 17

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கி அழித்திருக்கிறேன். உன் அண்ணனைப் பற்றி உன்னிடமே குறை சொல்வதா என்றுதான் கை வரவில்லை.

ஆஸ்பத்திரிச் சாலைக் கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. டிசம்பரிலிருந்து உன் அண்ணன் அங்கேதான். வாண்டு சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நீ நினைக்கிற மாதிரி வேறு யாரும் நடுவில் இல்லை. சண்டை உன் வெப்சைட்டைப் பற்றியதுதான் என்றால் நம்புவாயா?

அந்தக் கடை திறந்த புதிதில் நான் வாரம் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தேன். மூன்று கடையும் ஒருத்தியால் ஆகாது என்று போன வருஷம் நடுவில் விட்டுவிட்டேன். வேறு பரிசோதகரைப் போடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை. மெஷின் வந்தது. கன்னத்தை வைத்தால் சீட்டு வரும், அதைப் பார்த்து விற்பனைத் தம்பி லென்ஸ் போட்டுக் கொடுப்பான். வெப்சைட்டில் மட்டும் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் படம், என் பதிவு எண், நீ எழுதிய அந்த வரி.

டிசம்பரில் ஒருவர் கடைத்தெருக் கடைக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர், நாற்பதைந்து வயது இருக்கும். தலைவலி, ராத்திரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது, வலது பக்கமிருந்து வண்டி வருவதே தெரியவில்லை என்றார். கண்ணில் அழுத்தம் பார்த்தேன். ஏகத்துக்கு ஏறியிருந்தது. பார்வை நரம்பு பாதி போயிருந்தது. போன பார்வை திரும்பாது சிட்டு, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். எந்த மெஷின் சீட்டும் அதைச் சொல்லாது. அப்போதே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். இதற்கு முன்னால் எங்கேயாவது காட்டினீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்ககிட்டதாம்மா காட்டினேன். ரெண்டு தடவை. ஆஸ்பத்திரி ரோடு கடையில."

நான் உங்களைப் பார்த்ததே இல்லையே என்றேன்.

"உங்க பேரைப் பார்த்துத்தாம்மா போனேன். உள்ள யாரோ உட்கார வெச்சு பார்த்தாங்க. நீங்க சொல்லித்தான் பார்க்கிறாங்கன்னு நினைச்சேன்."

உன் அண்ணனிடம் சொன்னேன். அந்த ஆளுக்கு முன்னாடியே இருந்திருக்கும், நம்மால் வந்ததா என்றார். என் பெயரை எடுங்கள் என்றேன். "அது சும்மா ஒரு அலங்காரத்துக்குத்தான், யாரு படிக்கிறா?" என்றார். அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் என்னென்னவோ சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பெயரை எடுத்தது நான்தான், இரண்டு முறையும். நீ அன்பாகத் திருப்பிப் போட்டாய். அப்புறம் பூட்டினாய். அதன் பிறகு எனக்கு எழுத வரவில்லை. பூட்டுக்குப் பிறகும் ஒரு கணக்கர் அங்கே போய்விட்டுத் தலைவலியோடு என்னிடம் வந்தார். பயப்படாதே, அவருக்கு ஒன்றுமில்லை, பவர்தான் தப்பு. ஆனால் வராதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குப் பதிவு எண் கொடுக்கிற பதிவு அலுவலகத்துக்கு எழுதினால் அந்தக் கடை மூடப்படும், உன் அண்ணன் வழக்கில் நிற்பார். எழுதாமல் இருந்தால் நான் யார்? இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். சாவி உன்னிடம் இருக்கிறது. இதைச் செய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் உனக்கு அண்ணன்.

அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஒரே கடிதத்தை இருவருக்கும் அனுப்புகிறேன். நான் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். நலம் விசாரிக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. நலம் இல்லை என்றுதான் தெரிந்துவிட்டதே.

இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சாலைக் கடையை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிட்டேன். அங்கே அண்ணியின் பெயர், படம், பதிவு எண் எதுவும் இல்லை. கண் பரிசோதனை முன்பதிவு பட்டனையும் எடுத்துவிட்டேன். தகுதி உள்ள ஒருவரை நீ அங்கே உட்கார வைக்கும் நாளில் அதைத் திருப்பிப் போடுகிறேன் அண்ணா. அதுவரை பிரேம் விற்கலாம். உனக்கு இனி அந்த ஒரு தளத்துக்கான பாஸ்வேர்ட் மட்டும். அண்ணிக்கு மற்ற இரண்டும்.

அண்ணி அங்கே போவதை நிறுத்திய பிறகு வெப்சைட் வழியாக அங்கே கண் காட்டப் பதிந்தவர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ளே இருந்தன. இருவருக்கும் அனுப்பியிருக்கிறேன். நானூறைத் தாண்டுகிறது. இவர்கள் எல்லோரும் தங்கள் கண்ணை அண்ணி பார்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது இவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் இங்கிருந்து செய்ய முடியாது.

நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை. நீ என்னைத் தூக்கி வளர்த்தவன். உன் கடையின் கதவை நான் வெளியிலிருந்து சாத்தியிருக்கிறேன். கோபம் வந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதைத் திருப்பிப் போடமாட்டேன்.

சிட்டு


மே 6

சிட்டுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

கடையில் ஆள் வரத்துப் பாதியாகிவிட்டது. விற்பனைத் தம்பி வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். நீ எனக்குத் தங்கையா அவளுக்குத் தங்கையா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. நீ எழுதியதை எத்தனை தடவை படித்தாலும் எந்த இடத்தில் கோபப்படுவது என்று தெரியவில்லை. அதனால் மொத்தமாகக் கோபமாக இருக்கிறேன்.

நீ அனுப்பிய பெயர்களில் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான்தான் வாசலில் நின்று உட்காரச் சொன்னேன்.

அந்த லாரி ஓட்டுநரின் முகவரி அண்ணியிடம் இருக்கும். வாங்கி அனுப்பு. நான் கேட்டால் அவள் எதற்கு என்பாள். எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் வாண்டுவும் நலம். உன் வீட்டுக்காரர் மறுபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். எடை தூக்க விடாதே.

நீ கேட்ட முகவரியை, ஓட்டுநரின் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பினேன் அல்லவா? உன் அண்ணன் போயிருக்கிறார். எனக்கு இது அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். கண்ணுக்கு மருந்து வாங்க இந்தப் பக்கம் வந்தபோது கடைக்கு வந்தார். உன் அண்ணன் அவர்கள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அங்கே உங்களைப் பார்த்தது கண் பரிசோதகர் இல்லை, மெஷினும் நானும்தான் என்று சொன்னாராம். ஓட்டுநர் திட்டவில்லையாம். இனிமேல் வண்டி ஓட்ட முடியாது, கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் சார்?"

உன் அண்ணன் எழுந்து வந்துவிட்டாராம்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கடைத்தெருக் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராகப் போன் செய்திருக்கிறார். என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தவர்களில் சிலர் என்னிடம் சத்தம் போட்டார்கள், வாங்கிக்கொண்டேன். நடக்க முடியாத இரண்டு பேரை அவரே வண்டியில் கூட்டி வந்து வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. இதுவரை நூறு பேருக்கு மேல் பார்த்துவிட்டேன். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நேரத்தில் பிடித்துவிட்டோம். மிச்சப் பேரில் பலர் போனையே எடுக்கவில்லை. அவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிவு அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். எழுதப் போகிறேன் என்று அவருக்கு முன்கூட்டியே சொன்னேன். "எழுது" என்றார். என்ன வரும் என்று தெரியாது. கடை போகலாம்.

நேற்று சாயங்காலம் விற்பனைப் பெண் உள்ளே வந்து, "அக்கா, சார் டோக்கன் எடுத்துட்டு உட்கார்ந்திருக்கார்" என்றாள். எந்த சார் என்றேன். "நம்ம சார்" என்றாள். எட்டிப் பார்த்தேன். நாலாவது ஆளாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை, அவரும் எழுந்து வரவில்லை. மூன்று பேரைப் பார்த்து முடித்தேன். நான்காவதாக வந்தார்.

விளக்கை அணைத்தேன். இத்தனை வருஷம் கண்ணாடிக் கடை நடத்தியவர் ஒரு நாளும் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை சிட்டு. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், எனக்கென்ன என்பார். ஒரு கண்ணை மூடச் சொல்லி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன்.

"தெரியல."

அதுக்கு மேல் வரி என்றேன்.

"தெரியற மாதிரி இருக்கு."

"தெரியுதா, தெரியற மாதிரி இருக்கா?"

முன்னால் சாய்ந்து இன்னொரு தடவை பார்த்தார். "தெரியல" என்றார்.

லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டேன். பக்கத்தில் பார்ப்பதற்கும் பவர் வந்திருக்கிறது. கண்ணில் அழுத்தம் பார்த்தேன், நரம்பு பார்த்தேன், ஓரப் பார்வையும் பார்த்தேன். வந்த மூன்று பேருக்கும் எவ்வளவு நேரம் எடுத்தேனோ அவ்வளவு நேரம்தான் இவருக்கும் எடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன்.

"நல்லாப் பார்த்தியா?" என்றார்.

"நானேதான் பார்த்தேன்" என்றேன்.

விளக்கைப் போட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குக் கசக்கினாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிரேமை அவரே போய் எடுத்துவந்தார், அவர் முகத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒன்று. இது வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வாடிக்கையாளரிடம் அப்படிச் சொல்வேனா என்று யோசித்தேன், சொல்லுவேன் என்று தோன்றியது. சொன்னேன். திரும்பப் போய் வேறு எடுத்துவந்தார்.

இதெல்லாம் சமாதானமா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை. வாண்டுவிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நிற்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. எதற்குச் சொல்லவில்லை என்று இப்போது உனக்கு எழுதும்போதும் யோசிக்கிறேன்.

எப்போது கண்ணாடி கிடைக்கும் என்று கவுன்ட்டரில் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். கடை ஆளிடம் கொடுத்தனுப்பவா என்று விற்பனைப் பெண் கேட்டாள். வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லென்ஸ் இன்றைக்கு மதியமே வந்துவிட்டது. பிரேமில் பொருத்தித் துடைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு வியாழக்கிழமை.

உங்கள் இருவர் நலத்தையும் வேண்டி,
அண்ணி